ஐம்பத்துமூன்று டிகிரி

நவம்பர் 3, திங்கள்

ஆய்வகத் தொட்டி மறுபடியும் அடைத்துக்கொண்டது. லேப் அண்ணன் லீவு. நானே கையை விட்டு எடுத்தேன். வடிதாள் கூழ், சூயிங்கம், தலைமுடி, யாரோ கடித்துத் துப்பிய பென்சில் முனை. இருபத்திரண்டு வருஷம் வேதியியல் சொல்லிக் கொடுத்ததற்குக் கிடைத்த மரியாதை இது. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. வீட்டுக்காரர் கிட்டே வந்து மோந்துவிட்டு, "இன்னிக்கு என்ன பாடம், சாக்கடையா?" என்கிறார். சிரிப்பு வேறு.

காலையில் பத்தாம் வகுப்புக்குப் பொருள்களின் பண்புகள். உருகுநிலை என்றால் என்ன என்று கேட்டேன். முப்பத்தொன்பது பேரும் ஒரே ராகத்தில் புத்தக வரியை ஒப்பித்தார்கள். சரி, ஐஸ் கட்டி உருகிக்கொண்டிருக்கும்போது தெர்மாமீட்டர் ஏறுமா, நிற்குமா என்றேன். முன் பெஞ்சுக்காரன் கை தூக்கினான். அப்பாடா என்று நினைத்தேன். "அது பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்றான்.

நவம்பர் 5, புதன்

ரெக்கார்டு நோட்டு திருத்தினேன். அத்தனையும் ஈயடிச்சான் காப்பி. போன வருஷத்துப் பிள்ளைகளின் நோட்டை வாங்கி, மூன்று கலர் மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். இருபது பேர் தேதியையும் சேர்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள். அதாவது ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதே பத்தாம் வகுப்புச் சோதனையைச் செய்து முடித்துவிட்ட மேதாவிகள்.

நான் என்ன செய்தேன்? தேதியை மட்டும் அடித்துத் திருத்திவிட்டு டிக் போட்டேன். இருபது பேரையும் திரும்ப எழுதச் சொன்னால் இருபது நோட்டையும் நான்தானே மறுபடி பார்க்க வேண்டும்!

ஒரே ஒரு நோட்டுதான் அசிங்கமாக இருந்தது. மைக் கறை, அடித்தல், ஓரத்தில் மெழுகு. கடைசி மேசைப் பெண்ணுடையது. எதைச் செய்தாலும் எல்லாரும் முடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் முடிப்பாள். ஸ்டாஃப் ரூமில் நான் அவளுக்கு வைத்த பெயர் 'நிதானம்'. அழகாக எழுதப் பழகு என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 10, திங்கள்

அரையாண்டு செய்முறைத் தேர்வு. நாப்தலீனின் உருகுநிலை. இருபது மதிப்பெண். அடுத்த வருஷம் யாருக்கு சயின்ஸ் குரூப் என்று பிரிக்கும்போது இதையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

வழக்கம்போல் போன வாரமே போர்டில் எழுதிப் போட்டிருந்தேன்: நாப்தலீன், 80 டிகிரி. எங்கே வரும் என்று தெரிந்தால் அங்கே கவனமாகப் பார்ப்பார்களே என்றுதான். அது குற்றமா? எல்லா டீச்சரும் அப்படித்தான் எழுதிப் போடுகிறோம்.

பொடியை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, தெர்மாமீட்டரோடு நூலால் கட்டி, தண்ணீர் பீக்கரில் இறக்கிச் சூடேற்ற வேண்டும். பொடி எந்த டிகிரியில் உருகுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். முப்பத்தெட்டு பேர் மளமளவென்று முடித்துக் கொடுத்தார்கள். 80. 80. 79.5. 80. நான் மேசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நிதானம் கடைசியாக வந்தாள். 53.

"என்னடி இது?"

"வந்தது அதுதான் டீச்சர்."

திருப்பிச் செய் என்றேன். செய்தாள். 53. இன்னொரு தடவை என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது, பசி வேறு. 53.5 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "தெர்மாமீட்டரே படிக்கத் தெரியாம பத்தாவதுக்கு எப்படி வந்தே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். முன் பெஞ்சு சிரித்தது. இருபதுக்கு நாலு. கீழே 'கவனக்குறைவு'.

நவம்பர் 12, புதன்

செய்முறையில் ஃபெயில் ஆனால் பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்பது தலைமையாசிரியர் உத்தரவு. அவள் அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. சீருடையிலேயே வந்திருந்தார். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒரே ஒரு கேள்வி டீச்சர். இவ பொய் சொன்னாளா, இல்ல தெரியாமத் தப்பு பண்ணினாளா?"

தெரியாமல்தான் என்றேன்.

"அப்பச் சரி. பொய்யின்னா நான் தோலை உரிச்சிருப்பேன். தப்புன்னா கத்துக்கட்டும்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அதுதாம்மா வந்துச்சு" என்றாள். அம்மா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார். அழுத்தக்காரப் பெண். ஒரு ஸாரி சொல்ல வாய் வரவில்லை பாருங்கள்.

நவம்பர் 13, வியாழன்

53, 53, 53.5.

பொய் எழுதுகிறவள் 80 என்றுதானே எழுதுவாள்? போர்டிலேயே இருந்ததே. எதற்காக ஒருத்தி அரை டிகிரியைக்கூட விடாமல் எழுத வேண்டும்?

நவம்பர் 14, வெள்ளி

எழுதவே கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது பீரியட் காலியாக இருந்தது. ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே செய்து பார்த்தேன். அதே பாட்டில், அதே பொடி. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்துமூன்றில் பொடி கண்ணாடிபோல் தெளிந்து குழாய்க்குள் இறங்கியது. தெர்மாமீட்டரை மாற்றினேன். அப்போதும் ஐம்பத்துமூன்று.

லேப் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் அசரவே இல்லை. "பழைய டப்பா தீந்துபோச்சு டீச்சர். ஆர்டர் போட்டா மூணு மாசம் இழுப்பாங்க. கடையில அந்துருண்டை வாங்கி நுணுக்கிப் போட்டேன். அந்துருண்டைதானே நாப்தலீன்?"

காலி உறையைக் குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் போட்டிருந்த பெயரே வேறு. துணிக்கு வைக்கிற உருண்டைகளில் நாப்தலீன் இல்லாததும் உண்டு. பார்வைக்கு அதேதான், வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஐம்பத்துமூன்றிலேயே உருகிவிடும். இரண்டு பொருள் பார்க்க ஒன்றாக இருந்தாலும் பண்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

ஆக, முப்பத்தெட்டு பேர் கண்ணெதிரே ஐம்பத்துமூன்றில் உருகியதைப் பார்த்துவிட்டு எண்பது என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை, பார்க்கவே இல்லை. தெர்மாமீட்டர் என்று ஒன்று அங்கே இருப்பதையே பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் நான் பதினெட்டும் பத்தொன்பதும் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். பார்த்ததை எழுதிய ஒருத்திக்கு நாலு.

சீ. யாரைச் சொல்ல? போர்டில் எழுதிப் போட்டது யார்? தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை செய்து பார்க்கக்கூடத் துப்பில்லாமல் உட்கார்ந்திருந்தது யார்?

விரலில் அந்த உருண்டை வாசனை.

நவம்பர் 15, சனி

இவரிடம் சொன்னேன். சர்வே ஆபீஸ்காரர். "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? எங்க ஆபீஸ்ல பாதி நிலத்தை மிதிக்காமயே அளந்திருக்கோம்" என்கிறார். பெருமையாகச் சொல்கிறார்! அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் துணி காயப்போட எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இருபதுக்கு இருபது கொடுக்க வேண்டும், மற்ற எல்லாருக்கும் மறுதேர்வு வைக்க வேண்டும் என்றேன். போன் திரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதாவது முப்பத்தெட்டு பேரும் பொய் எழுதினாங்கன்னு நீங்க கைப்பட எழுதித் தரப்போறீங்க. அப்படித்தானே? அதுல ரெண்டு பேர் ஸ்கூல் கமிட்டிக்காரங்க பிள்ளைங்க. சரி, அவங்க கேப்பாங்களே, அப்போ டீச்சர் என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு. என்ன சொல்வீங்க?"

மேசைமேல் வைத்திருந்த அவள் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பொண்ணு பாவம்தான். ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தாளை அவகிட்டக் குடுங்க. ஐம்பத்துமூணை அடிச்சிட்டு எண்பதுன்னு எழுதட்டும். மறு ஆய்வுன்னு போட்டுப் பதினெட்டு கொடுத்துடலாம். அவளுக்கும் குரூப் கிடைக்கும், உங்களுக்கும் தலைவலி இல்லை. மார்க் லிஸ்ட் வியாழக்கிழமை போகணும்."

எவ்வளவு அழகாகப் பூசி மெழுகுகிறார்! அந்த ரூமில் ரூம் ஸ்பிரே வாசனை வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். யோசிக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 18, செவ்வாய்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலோடு விட்டால் அவளுக்கு சயின்ஸ் கிடைக்காது. பதினெட்டு கிடைத்தால் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் படிக்க ஆசை என்று பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாளாம். வகுப்பு டீச்சர் சொன்னார். அந்த வேலைக்கு இவளைவிட யார் சரி?

நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? விசாரணை, விளக்கக் கடிதம், ஊர்வாய். அது முடிவதற்குள் குரூப் பிரித்துவிடுவார்கள். அவள் எதிர்காலம்தானே முக்கியம்.

அவள் எதிர்காலமா, என் விளக்கக் கடிதமா? உண்மையைச் சொல்லடி.

நவம்பர் 19, புதன்

செய்துவிட்டேன்.

மாலையில் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன். யாரும் இல்லை. முதலில் உண்மையைச் சொன்னேன். அதையாவது சொன்னேன். பாட்டிலில் இருந்தது வேறு பொருள், நீ எழுதியதுதான் சரி, நானே செய்து பார்த்தேன், எனக்கும் ஐம்பத்துமூன்றுதான் வந்தது என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நெசமாவா டீச்சர்? அம்மாகிட்டச் சொல்லட்டுமா?" என்றாள். நாலு வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாளை நீட்டினேன். ஐம்பத்துமூன்றை அடித்துவிட்டு எண்பது என்று எழுதச் சொன்னேன்.

"சரின்னு சொன்னீங்களே டீச்சர். அப்புறம் எதுக்கு அடிக்கணும்?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உலகத்தில் ஒரு அயோக்கியத்தனம் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தானே செய்கிறோம்.

பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. மூன்று அளவுகளையும் தனித்தனியாக அடித்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது தாள் மேசையில் இருந்தது, அவள் இல்லை.

பதினெட்டு போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

மார்க் லிஸ்ட் போய்விட்டது. தலைமையாசிரியர் வராந்தாவில் பார்த்து, "எல்லாம் சுபம்" என்றார்.

நவம்பர் 24, திங்கள்

அவள் அம்மா கேட் பக்கம் நின்றிருந்தார். வேலைக்குப் போகிற அவசரம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பாத்து மறுபடி சொல்லிக் குடுத்தீங்களாம். பதினெட்டு வந்துடுச்சுன்னு சொன்னா. உங்களை மறக்க மாட்டேன் டீச்சர்."

ஆக, அம்மாவிடம் அவள் உண்மையைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டாளா, அல்லது சொல்லவே வெட்கமா? அந்த ஈரம் ஊறிய கை என் கையை விடவே இல்லை. எனக்குத்தான் உருவிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

டிசம்பர் 3, புதன்

இன்று தண்ணீரின் கொதிநிலை. இந்தத் தடவை போர்டில் ஒன்றும் எழுதவில்லை. காலையிலேயே வந்து நானே செய்து பார்த்திருந்தேன். எங்கள் தெர்மாமீட்டர்கள் எதுவும் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. வருகிற அளவை எழுதுங்கள், எது வந்தாலும் மார்க் உண்டு, சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். மேசை மேசையாகச் சுற்றி வந்தேன், உட்காரவே இல்லை. ஏழெட்டுப் பேர் நம்பி, தொண்ணூற்றெட்டு என்று எழுதினார்கள். முன் பெஞ்சுக்காரனே எழுதினான். கொஞ்சம் உயிர் வந்தது எனக்கு.

கடைசி மேசைக்குப் போனேன். அவள் முடித்து, நோட்டை மூடிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் முதல் ஆளாக முடித்திருக்கிறாள். திறந்து பார்த்தேன். மூன்று கலர் மை. ஸ்கேல் வைத்த கோடு. ஒரு அடித்தல் கிடையாது. 100. 100. 100.

பீக்கரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

"சரிதானே டீச்சர்?" என்று கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. அவள் எழுந்து, எனக்கு வசதியாக நோட்டைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.