வெளியே சொல்லாத சர்க்கரை

அக்கா,

இன்று காலை கோவையில் ஒரு லேபில் எனக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். ஆறாம் மாதச் சர்க்கரைப் பரிசோதனை. பிளாஸ்டிக் டம்ளர் நிறைய, வெதுவெதுப்பாக, அடியில் கரையாத மாவோடு. பாதியிலேயே குமட்டியது. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வந்து மறுபடியும் குடிக்க வேண்டும் என்று லேப் பெண் சொல்லிவிட்டாள். அந்தப் பயத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். ரத்தம் எடுக்கும்வரை அந்தத் தித்திப்பு தொண்டையிலேயே நின்றது. பக்கத்தில் அம்மா இருந்தாள். நான் மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

நீ மாசமாக இருந்து உனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நான் கல்லூரியில் படித்தேன். நம் ஊர் கிணத்துக்கடவுக்குப் பொள்ளாச்சி பக்கம்தான். அங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று உன்னைக் கோவைக்குக் கூட்டிப்போனார்கள். தினமும் இன்சுலின் போட வேண்டும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரிலேயே அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"வெளிய சொல்லிப்போடாத அம்மணி. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கோணும்."

சின்னவள் நான்தான். வாந்தி அதிகம் என்று பொய் சொல்லி உன்னை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். உன் வீட்டுக்காரர் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. மருந்து ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது. வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் அன்றைக்கு ஊசி கிடையாது. நம் வீட்டுக்கு ஆள் வராத நாள் ஏது? அப்பாவைப் பார்க்கத் தேங்காய் வியாபாரிகள், உன்னைப் பார்க்க இனிப்புப் பெட்டியோடு சொந்தக்காரர்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் தின்றாய்.

வளைகாப்போடு நடக்கும் கட்டுச்சோறு விருந்துக்கு உன்னை உன் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போனோம். வளையல் போட்ட ஒவ்வொருத்தியும் உனக்கு ஊட்டினாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, பிறகு வெல்லப் பாகு கசியும் கச்சாயம், மைசூர்பா. நெய் வழியும் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உன் வாய்க்குள் போயின. "தாகம் அடங்கவே மாட்டேங்குது கண்ணு" என்று என் காதில் சொன்னாய். அம்மா தூரத்திலிருந்து உன்னைச் சிரிக்கச் சொல்லி ஜாடை காட்டினாள்.

பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அந்த ஒரு நாளால் இல்லை, பல வாரமாகவே சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றார் டாக்டர். அம்மா கண்ணுபட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். சர்க்கரை உன்னை விடவில்லை, மறைப்பதும் நிற்கவில்லை. போன ஆண்டு ஆறாத கால் புண்ணோடு நீயும் போனாய். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்பா காய்ச்சல் என்றார். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

இன்று மத்தியானம் முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்து, கட்டுச்சோறு முடியும்வரை என் மாமியார் வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றாள். இந்தத் தடவை யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"பொறக்கறது பொண்ணா இருந்தா?" என்றாள்.

லேப் வாசலில் நின்றபடியே, அம்மா எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டு மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அத்தை, எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க. ஊசி போடச் சொன்னாலும் போட்டுக்குவேனுங்க. விருந்துக்கு இனிப்பு வேண்டாமுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கும் இருக்குது கண்ணு. உங்க கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாத்திரைதான். உங்க ஊட்டுல தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு சொல்லாம உட்டுட்டோம்."

அம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிவிட எனக்குக் கை வரவில்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அருவருப்புதான் வந்தது அக்கா, இரண்டு வீட்டின் மேலும். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்காகத்தான் உன் பிள்ளை போனது. அவன் முகத்தை உனக்குக்கூட யாரும் காட்டவில்லை. நான் மட்டும் துணியை விலக்கிப் பார்த்தேன். உன் மூக்கு அவனுக்கு.