சாப்பிட்டு மூன்று மணி நேரம்

12 ஜூலை 1984, வியாழன்
இங்கிருந்து முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாந்த் நகர நூலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வேலை எனக்குத்தான். செவ்வாய்க்குள் பதில் அனுப்ப வேண்டுமாம். எங்கள் செருப்புக் கடையில் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை படித்தேன். ரெஜிஸிடம் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்த புருஷனிடம் சொல்ல எனக்கு என்ன பயம்?

13 ஜூலை
இன்றும் சொல்லவில்லை.

15 ஜூலை, ஞாயிறு
வழக்கம்போல ஊல்காத் கடற்கரை. மாமியார் ஜெர்மேன் அத்தையின் அதே மரக்குடில், அதே மூன்று சாய்வு நாற்காலி. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு: ஆறிய கோழி, தக்காளி, சீஸ். சாப்பிட்டு மூன்று மணி நேரம் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, செரிக்க வேண்டும். அது அத்தையின் சட்டம். இன்று ஒரு மணிக்கே கடல் ஏறி எங்கள் முன்னால் வந்து நின்றது. மூன்று மணி நேரம் முடிவதற்குள் அது எங்கோ போயிருக்கும். அத்தையும் "ரோட்டுல கூட்டம் சேர்ந்துடும், கெளம்பலாம்" என்பார். நாற்பத்தைந்து வயதில் நான் குழந்தை மாதிரி உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தேன்.

சீஸை மென்றபடியே எழுந்து போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"ஆர்லெத், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? வயித்துல கோழி அப்படியே இருக்கு. வெளிய வா." அத்தை துண்டோடு கரையில் நின்றார். செருப்பு நனைந்துவிடும், உள்ளே வரமாட்டார்.

இவர்கள் கை எட்டாத இடம் இது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, எனக்கு நாந்த்ல வேலை கெடைச்சிருக்கு. நான் போறேன்."

"மொதல்ல கரைக்கு வா. உயிரோட இருந்தாத்தானே வேலைக்குப் போவ?"

சிரித்துவிட்டேன். ரெஜிஸ் நாற்காலியை விட்டு எழவில்லை. பேப்பரை மட்டும் மடக்கினான்.

அத்தையை வீட்டில் இறக்கிவிட்டபின் காரில் கேட்டான். "எப்போ போகணும்?"

"செப்டம்பர்ல."

"ம்."

அவ்வளவுதான். இருன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன் — சண்டைக்கு எல்லாம் தயாரா வெச்சிருந்தேனே. இத்தனை வருஷம் என்னைப் பிடிச்சு வெச்சிருந்தது அப்ப யாரு?

17 ஜூலை
சம்மதம் என்று எழுதினேன். ரெஜிஸே தபால்தலை எடுத்துக் கொடுத்தான். நாவால் நனைத்து ஒட்டியதும் அவன்தான்.

9 செப்டம்பர், ஞாயிறு, நாந்த்
மணி நான்கு. இன்னும் சாப்பிடவில்லை, ஏன் என்று கேட்க ஆளில்லை. தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்து ரெஜிஸைக் கூப்பிட்டேன்.

"என்மேல கோவமா?"

"இல்ல. நீ போகணும்னு நெனைக்கறது எனக்குப் பத்து வருஷமாத் தெரியும், ஆர்லெத். நீயே சொல்லட்டும்னு இருந்தேன்."

பத்து வருஷம். அடப்பாவி.

அறைக்கு வந்து நன்றாக அழுதேன். அப்புறம் பசித்தது.