சோயா ஆலையில் ஒரு வாக்குமூலம்

மே 6, 2024
ஏலகிரி கூட்ட நெரிசல் பற்றிய செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது தம்பி பிரேம்நாத் சாம்பியாவிலிருந்து பேசினான். ஆம்பூரில் தோல் ஆர்டர் குறைந்ததும் அவன் முதலாளி அங்கே சோயா எண்ணெய் ஆலை தொடங்கி, இவனை சூப்பர்வைசராக அனுப்பினார். இப்போது அறுவடை. லாரிகள் வாசலில் காத்து நிற்கின்றனவாம்.
"நெலம் கெடக்குது, சோயாவும் நல்லா வெளையுது. எண்ணெய் மட்டும் வெளியில இருந்து வாங்குறாங்கண்ணா. இங்க ஆலை வெச்சவன் தோக்கமாட்டான்."
அவன் குரலில் இவ்வளவு தெம்பைக் கேட்டு நாளாயிற்று.

மே 19
சோயாவைப் பிழிந்தால் எண்ணெய் முழுதும் இறங்காது. அவல்போல நசுக்கி, ஹெக்சேன் என்ற திரவத்தால் கழுவிப் பிரிக்கிறார்கள். பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். பயமில்லையா என்றேன்.
"தோல் கம்பெனி தின்னர்லயே குளிச்சவன்ணா நானு."

ஜூன் 11
ஆலையில் தீ. பிரேமின் மனைவி மேகலா போனில் அழுதாள். அவனுக்குக் கைகள் வெந்துவிட்டன. மோட்டார் ஆப்பரேட்டர், சிலேஷே என்ற உள்ளூர்க்காரர், இறந்துவிட்டார்.

ஜூன் 14
ஆஸ்பத்திரியிலிருந்து பிரேம் பேசினான். பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று சிலேஷே மோட்டாரைப் போட மறுத்திருக்கிறார். இவன் போய் முகர்ந்து பார்த்திருக்கிறான். ஒன்றுமில்லை, போடு என்றிருக்கிறான். போட்டதும் பற்றிக்கொண்டது.
தோலுக்கு லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடித்து அடித்து இவன் மூக்கு போய்விட்டது. மீன் குழம்பு கெட்டால் மேகலாதான் சொல்லவேண்டும். ஆம்பூரில் அதை யார் குறையாக எண்ணினார்கள்? பினிஷிங் பிரிவில் பாதிப்பேர் அப்படித்தான். கேலி செய்வோம், அவ்வளவுதான். அங்கே அவன் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லையாம்.
"அவன் சொன்னாண்ணா. நான்தான் போடுன்னேன்."

ஜூன் 20
முதலாளியின் மேனேஜர் சீனிவாசன் வந்தார். சிலேஷே யாரையும் கேட்காமல் மோட்டாரைப் போட்டதாக பிரேம் கையெழுத்திட்டால் வழக்கில்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.
"நீங்க சொன்னா கேப்பாரு சார்."
இறந்தவருக்குக் குடும்பம் உண்டா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.
மேகலா கதவோரம் நின்றாள்.

ஜூன் 21
பிரேமிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்தப் போட்டுட்டு வந்து சேருடான்னு. ஊர்ல எவன் பொய் சொன்னாலும் கிளறி எழுதினவன் — இன்னா பேசறேன் நான்?

"சிலேஷே பொண்டாட்டி எனக்கு தெனம் கஞ்சி கொண்டாறாண்ணா. புருசனை நெருப்புல இருந்து இழுத்தவன்னு."

ஜூன் 24
தூக்கமில்லை.

ஜூன் 27
கையெழுத்திடவில்லை. போலீஸிடம் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். முதலில் அந்தப் பெண்ணிடம் சொன்னானாம். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
இனி அவனுக்காகக் கம்பெனி வக்கீல் வரமாட்டார்.

ஆகஸ்ட் 9
பிரேமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிறைக்குக் கொண்டுபோனார்கள். மேகலா ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12
செய்தியை நானே எழுதினேன். வேறு யாராவது எழுதட்டும் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னார். வேண்டாம் என்றேன். எச்சரித்த ஊழியர் சிலேஷே பலி. மோட்டாரைப் போடச் சொன்ன ஆம்பூர் சூப்பர்வைசர் சிறையில். பிரேமின் பெயருக்குப் பக்கத்தில் வயது போடவேண்டும். நாற்பத்து நான்கு என்று அடித்துவிட்டு, சந்தேகம் வந்து மேகலாவுக்கு போன் செய்தேன்.
"நாப்பத்தஞ்சு மாமா," என்றாள். "போன வெள்ளிக்கிழமதான், ஜெயிலுக்குக் கொண்டுபோன அன்னிக்கு, முடிஞ்சுது."
திருத்தி அனுப்பினேன்.