கடைசி டிராமில் நீ போனாயா?

பம்மல் அச்சகத்திலிருந்து வந்த உறையைப் பிரித்ததும் மை வாசனை குப்பென்று அடித்தது. நான் திருத்திக் கொடுக்க வேண்டிய, உன் புத்தகத்தின் கடைசி புரூஃப். சென்னையில் டிராம் ஓடிய கதையைத் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காக எழுதினாயே, அதேதான். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் என்னால் அதை அச்சு வரைக்கும் கொண்டுவர முடிந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், பின்னட்டையைப் பார்த்ததும் வியர்த்துப்போனேன்.

பின்னட்டையில் உன் படம், கீழே பிறந்த வருஷம்: 1954. உன் மனைவி கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலிருந்து நானே எடுத்துக் கொடுத்ததுதான். முதல் அத்தியாயத்திலோ நாலு வயதில் அப்பாவோடு கடைசி டிராமில் போகிறாய். டிராம் நின்றது 1953-இல். பிறப்பதற்கு முன்னாலேயே எப்படியப்பா ஏறினாய்?

நீ ரிட்டையர் ஆனபோதுகூட இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை பார், நான் ஒரு மக்கு. எத்தனை தடவை கேட்டிருப்பேன் அந்தக் கதையை! மீட்டர்கேஜ் வண்டி பல்லாவரம் தாண்டியதும் ஆரம்பிப்பாய். ராயப்பேட்டையில் ஏறியது, டிரைவர் நின்றபடியே காலால் மணியை மிதித்தது, கண்டக்டர் உன்னைத் தூக்கி மணிக்கயிற்றை இழுக்கவிட்டது. "இனிமே இது வராதாப்பான்னு கேட்டேன். அப்பா அந்த டிக்கெட்ட மடிச்சு என் சட்டைப் பையில வச்சார்" என்று நீ முடிக்கும்போது எதிரில் இருப்பவர் பேப்பரை மடித்துவிடுவார். அகலப்பாதை வந்து பழைய பெட்டிகள் போன பிறகும் கதை மட்டும் மாறவில்லை.

அதே நீதான், யாராவது 'ஏழு ஐம்பது வண்டி' என்றால் 'ஏழு ஐம்பத்திரண்டு' என்று திருத்தாமல் விடமாட்டாய். "ஒரு தேதி தப்பாச்சுன்னா மத்ததை எவன் நம்புவான்?" என்பாய். ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் வெளியீடு. வருகிறவர்களில் ஒருவராவது பின்னட்டையையும் முதல் அத்தியாயத்தையும் சேர்த்துப் பார்ப்பார். உன்னை டூப் விடுகிறவன் என்று சொல்லிவிடுவார்களே. அந்த நேரம் பார்த்து அச்சகத்துக்காரர் போன் செய்தார்.

"சார், நாலு மணிக்குள்ள ஓகே சொல்லிடுங்க. அச்சடிக்கிற பிளேட் போட்டாச்சுன்னா அப்புறம் கை வைக்க முடியாது."

எனக்கு ஒரு நப்பாசை. நம் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ போடாத வீடு ஏது? எனக்கே இரண்டு மாசம் கூட்டிப் போட்டதுதான். உனக்கு நாலைந்து வருஷம் குறைத்திருந்தால் கதை நிஜம், சர்ட்டிபிகேட்தான் பொய். அதைக் கேட்கத்தான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பீர்க்கன்கரணைக்கு, உன் வீட்டுக்கு ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகர்ந்தால்தானே! போய்ச் சேரவே மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது.

உன் மனைவி தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொறந்த தேதி சரிதாண்ணா. அவங்க வீட்ல வயச மாத்தல்லாம் இல்ல. டிராம்ல போனது அவரோட அண்ணன்."

"அண்ணனா? அவனுக்கு அண்ணன் இருந்தாரா?"

"எங்களுக்குக் கல்யாணமான புதுசுல மஞ்சக்காமாலைல போயிட்டாருண்ணா. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மணி இழுத்த கதைய அவர்தான் சொல்லுவார். அவர் போனப்புறம் ஒருநாள் இவர், 'நான் போனேன்'னு ஆரம்பிச்சார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஆனா கேக்கல. நீங்க மாத்தணும்னா மாத்திடுங்கண்ணா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் ஒன்றாகப் போய் வந்தோம். ஒரு அண்ணன் இருந்தார் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? திரும்பும்போது ஆட்டோவிலேயே புரூஃபை மடியில் வைத்து, 'நான்' என்பதை அடித்து 'என் அண்ணன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை, யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் உன் குரல் அதில் கேட்கவே இல்லை. அண்ணனை விட மனசில்லாமல்தானே அவர் கதையை உன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்? அதைப் பிடுங்க நான் யார்? எழுதியதை அடித்துவிட்டு மறுபடி 'நான்' என்றே போட்டேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அச்சகத்தைக் கூப்பிட்டேன்.

"பின்னட்டைல பொறந்த வருஷத்த மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான்."

சொல்லிவிட்டேனே தவிர, இதை எழுதும்போதும் சந்தேகம் தீரவில்லை. வருஷத்தை எடுத்தால் ஆயிற்றா? உன்னோடு படித்தவர்கள் வருவார்கள், ஆபீஸ்காரர்கள் வருவார்கள், உன் வயது அவர்களுக்குத் தெரியாதா? எனக்குப் பொய் சொல்லவும் வராது. சொன்னால் காது சிவந்துவிடும் என்று நீயே கிண்டல் செய்திருக்கிறாய். நான் பிறந்ததோ உனக்கும் ஒரு வருஷம் பின்னால். பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது எழுந்து, "இவர் நிஜமாவே அந்த டிராம்ல போனாரா?" என்று கேட்டால், போனான், பக்கத்து சீட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிடுவேன்.