திரையின் வலக்கோடியில் ஒரு விளக்கு

என் ஆசை அக்காச்சிக்கு,

மாங்குளத்தில் மூன்று நாளாக விடாத மழை. கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது. போட்டோகொப்பி மெஷின் ஈரத்தாளை இழுத்துக் கசக்குகிறது, நானும் அதை ஏசிக்கொண்டே நிற்கிறேன். நீ இருந்தால் "மெஷினுக்குக் காது இல்லையடி கௌரி" என்று சொல்லியிருப்பாய். என் வாய் உனக்கு எப்பவும் தலையிடிதானே. இந்தக் கடிதமும் அந்த வாய் செய்த வேலையைப் பற்றித்தான்.

உன் கொம்பியூட்டரில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றவில்லை என்றா சொன்னேன்? பொய். அதைப் பிறகு சொல்லுகிறேன்.

திரையின் அடியில் நீ அடுக்கிவைத்த படவரிசை நினைவிருக்கிறதா? டொக் என்பாய் அதை. கொம்பியூட்டரோடு வந்தது போதாதா, ஆட்கள் காத்து நிற்க இதென்ன சோடனை என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். இணையத்தில் சும்மா கிடைத்த ஒன்றை இறக்கிவிட்டு இரண்டு கிழமை அதோடேயே கிடந்தாய். கடிதம் எழுதத் தபால்பெட்டி, இணையத்துக்குக் கொக்கு, படம் திருத்த எங்கள் குசினிக் கத்தி, அச்செடுக்க அம்மாவின் தோசைக்கல். எல்லாம் நீயே போனில் எடுத்து, வெட்டி, சின்னதாக்கி வைத்தவை. சுட்டியைக் கொண்டுபோனால் ஒவ்வொன்றும் பொம்மி எழும்பும், மேலே பெயர் தெரியும், அழுத்தினால் அந்த வேலை திறக்கும். வலக்கோடியில் இருந்த குத்துவிளக்குக்கு மட்டும் நீ பெயர் வைக்கவில்லை.

அதை அழுத்தினால் திறப்பது யுத்தத்தில் காணாமல் போன பிள்ளைகளின் படங்கள். கொக்கிளாயிலிருந்தும் ஜெயபுரத்திலிருந்தும் தாய்மார் கொண்டுவந்த, தண்ணீரில் ஊறி ஒட்டிப்போன படங்கள். பூஞ்சணத்தைப் பொட்டுப் பொட்டாகத் துடைத்து, இல்லாமல் போன காதைக் கூடத் தாயிடம் கேட்டுக் கேட்டு வரைந்து, தாய்மார் றோட்டோரப் போராட்டப் பந்தலில் பிடித்துக்கொண்டு இருக்கிற அளவுக்குப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தாய். கொண்டுவந்த படங்களில் பாதி பிறகு உதிர்ந்தே போயின. அந்த முகங்கள் இப்போது உன் விளக்குக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான் கடை திறந்த முதல் கிழமை இரண்டு பேர் சிவில் உடுப்பில் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எங்கிருந்து என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே அதை யார் கேட்பார்கள்?

பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நல்ல மரியாதை. "தங்கச்சி, அக்கா நல்ல மனுசி எண்டு கேள்விப்பட்டனாங்கள். அவா என்னென்ன வேலை செய்தவா?"

"போட்டோகொப்பி, அடையாள அட்டைப் படம், கலியாணக் காட். வேறென்ன."

நான் கொடுத்த தேத்தண்ணியோடு திரைப்பக்கம் குனிந்தார். "வடிவாச் செய்திருக்கிறா. இந்த விளக்கு என்ன?"

"சாமிப் படங்கள்" என்றேன். யோசிக்கவே இல்லை அக்காச்சி, வாயில் வந்தது.

"ஆ, சாமிப் படங்கள்." மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப வாற கிழமை வந்து கும்பிடுவம்."

அவர்கள் போனதும் கடைக்கதவைச் சாத்தினேன். விளக்கைச் சுட்டியால் பிடித்து மேலே இழுத்து விட்டேன். 'புஸ்' என்று திரையில் சின்னப் புகை. விளக்கு இல்லை. மற்றப் படங்கள் நகர்ந்து அந்த இடத்தையும் மூடிவிட்டன. இத்தனை பிள்ளைகளையும் ஒரு நொடியில் அழித்துவிட்டேன் என்று விளங்கியது. ஆனாலும் முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாளே பாக்கியம் அம்மா கொக்கிளாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். கையில் நீ அடித்துக் கொடுத்த படத்தின் ஊறிக் கரைந்த மட்டை.

"பிள்ளை, மழை எல்லாத்தையும் கழுவிப்போட்டுது. என்ரை மகன்ரை படத்தை இன்னொருக்கா அடிச்சுத் தாறியே?"

"கொம்பியூட்டர் பழுதாப் போச்சம்மா. எல்லாம் அழிஞ்சு போச்சு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ என்ன செய்யிறது பிள்ளை. எனக்குத்தான் அவனை வைச்சிருக்கத் தெரியேல்லை. இப்ப ரெண்டாந்தரமும் துலைச்சுப்போட்டன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதலாகக் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பக்கத்துக் கடையில் போன் திருத்தும் பாரூக் நானாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அழிந்ததை எடுக்க வழி இருக்கா என்று கேட்டேன். நானா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தங்கச்சி, நீங்க வாசல்ல கிடந்த செருப்பைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, வீட்டில ஆள் இல்லையெண்டு அழுறீங்க. இந்த வரிசையில இருக்கிறது வெறும் வழிதான். அதை எடுத்தா உள்ள இருக்கிறது எங்க போகும்?"

இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாரும் வந்தார்கள். பாக்கியம் அம்மாவின் மகன், நீ வரைந்த அந்த ஒரு காது கொஞ்சம் பெரிதாக. நான் விக்கி விக்கி அழுதேன். இத்தனை வருசம் இந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தும் இதுகூடத் தெரியாத மொக்கு நான். நீ சொல்லித் தர வந்தபோதெல்லாம் சோடனை என்று நக்கலடித்ததுக்கு நல்லாய் வேணும்.

நானா மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"எங்களுக்கு முதல் இதைக் கடைசியா ஆர் திறந்தது?"

திரையில் நாளும் நேரமும் இருந்தன. நீ செத்த எட்டாம் நாள், உன் எட்டுச் செலவு, காலை. அன்றைக்குக் கடை பூட்டு. நான் வீட்டில் உனக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தேன். கடைப் பூட்டு உடைபடவில்லை. பூட்டுக்குத் திறப்பு இரண்டு: ஒன்று என்னிடம், மற்றது உன் கைப்பையில். செத்த வீட்டுச் சனத்துக்குள் அந்தப் பை எந்த மூலையில் கிடந்ததோ. பை இருக்கிறது, திறப்பைக் காணவில்லை. யார் எடுத்தது அக்காச்சி? உன் பெட்டியைத் தூக்கின கையா? என் தோளைப் பிடித்து அழுத கையா?

இப்போது யோசித்துப் பார். அந்த மனிதர் "விளக்கு என்ன" என்று கேட்டது தெரியாமலா? என்ன இருக்கிறதென்று அறிந்துகொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறார். நான் சாமி என்றதும் அதனால்தான் சிரித்திருக்கிறார்.

சொன்ன கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டும் கடை வாசலில் மெதுவாகும், பிறகு போய்விடும். வந்துவிட்டால் பரவாயில்லை போல இருக்கிறது.

பூட்டை மாற்றினேன். நானா எல்லாப் படங்களையும் பிரதி எடுத்துவிட்டார். அவை எங்கே என்று உனக்கும் சொல்லமாட்டேன், கோபிக்காதே, நானா வழியாக இந்தக் கடிதத்தைப் பலர் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பலர் அறிந்த ஒன்றைச் சத்தமில்லாமல் இல்லாமலாக்குவது கொஞ்சம் கடினம்.

பாக்கியம் அம்மாவைத் திரும்ப வரச்சொல்லிப் படத்தைக் கையில் கொடுத்தேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவருக்கு அது காதில் விழுந்ததோ தெரியாது. படத்தைப் பார்த்து, "எங்கையடா போனனி?" என்று கேட்டார்.

இன்று காலை முழுக்க விளக்கோடு மல்லுக்கட்டினேன். முதலில் வெறும் மஞ்சள் படமாக நடுவில் வந்து குந்தியது. உன் விளக்குப் படத்தைத் தேடிப் பிடித்து, மாற்றி, வலக்கோடிக்கு நகர்த்தினேன். நீ இரண்டு கிழமை கிடந்ததை இனி ஏசமாட்டேன். நீ வைக்காத பெயரையும் வைத்துவிட்டேன். சுட்டியைக் கொண்டுபோனால் விளக்கு பொம்மி எழும்பும், மேலே தெரியும்: எங்கட பிள்ளையள்.

உனக்கு நான் தரும் வாக்கு இதுதான். இனி யார் வந்து கேட்டாலும் சாமி என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு படமாகத் திறந்து பெயரும் ஊரும் தாயின் பெயரும் சொல்லுவேன். என் வாய் அதற்காவது உதவட்டும்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். இந்தத் தரம் அது கடந்து போகவில்லை. இரண்டு பேர் மழைச்சட்டையைக் கழற்றுகிறார்கள். கடிதத்தைப் பக்கத்தில் நிற்கிற நானாவின் கையில் கொடுத்துவிட்டு எழும்புகிறேன். கொம்பியூட்டரை நிற்பாட்டவில்லை.

உன் வாயாடித் தங்கச்சி,
கௌரி