மாமன் மாலைக்காக நாழிமலைக் கேட்டைத் திறக்கக் கோருதல்

அனுப்புநர்:
பா. அன்னக்கொடி,
க/பெ. பாலுச்சாமி,
வில்லாபுரம், மதுரை – 12.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பொருள்: என் மகள் பவதாரிணியின் திருமணத்துக்கு என் அண்ணன் விருமாண்டி மலையிலிருந்து இறங்கிவர, நாழிமலை அடிவாரக் கேட்டைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுவும், அது பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதாக வந்த பதிலும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே நாழிமலை மேலிருக்கும் நாழிக்குடி. வாக்கப்பட்டது மதுரை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக் கடை நடத்துகிறேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் மலையில் எலுமிச்சை போட்டுக்கொண்டிருக்கும் என் அண்ணன் ஒருவர்தான்.

2. எங்கள் ஊருக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாமே மதுரைப் பக்கம். ஊர் மட்டும் பக்கத்து மாவட்டம். அதற்குக் காரணம் என் தகப்பனார் ஆண்டிச்சாமிதான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாவட்டம் பிரிக்கும்போது மலையை அளக்க வந்தவர்கள், "ஊர்த் தண்ணி எந்தப் பக்கம்யா ஓடுது?" என்று கேட்டிருக்கிறார்கள். அணை கட்டித் தரத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, அப்பா கோழி அடித்துச் சோறு போட்டு, மேற்கே கையைக் காட்டி, "அம்புட்டும் அங்கிட்டுத்தான்யா ஓடுது" என்றாராம். தண்ணீர் பிரிகிற முகட்டில்தான் எல்லை போடுவார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அணை வரவில்லை. ஊர்தான் அங்கிட்டுப் போய்விட்டது.

3. அதனால் அப்போது எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நினைத்தால் ஏறினோம், நினைத்தால் இறங்கினோம். மலையேற வந்த யாரோ போன வருடம் காட்டில் நெருப்பு வைத்துவிட்டுப் போக, அதன் பிறகு அடிவாரத்தில் இரும்புக் கேட் வந்தது. இந்த மாவட்டத்து மலைவாசிகளுக்கு மட்டும் அனுமதி என்று போர்டும் வந்தது. என் அண்ணன் ஆதாரில் இருப்பது அந்த மாவட்டம். "உங்க பக்கமா இறங்கிக்கங்கண்ணே" என்கிறார் காவலர். அந்தப் பக்கப் பாதையோ மழையில் சரிந்து கிடக்கிறது. வாலிபப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து இறங்குகிறார்கள். அண்ணனுக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறது. அங்கே போய் விசாரித்தால் கேட் எங்களுடையது இல்லை என்கிறார்கள். இங்கே விசாரித்தால் ஆள் எங்கள் ஆள் இல்லை என்கிறார்கள். மலை ஒன்றுதானே ஐயா?

4. சித்திரையில் அயிரைமீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கேட் வரை போனேன். அண்ணன் மேலிருந்து இறங்கி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார். "உப்புக் கம்மி தாயி" என்றார். உப்புச் சரியாகத்தான் இருந்தது. பிறகு கம்பி வழியாகக் கையை விட்டு, "இம்புட்டு வளந்துட்டியா" என்று என் மகள் தலையைத் தடவினார். காவலர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்.

5. வருகிற ஆவணி 19, வியாழக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். சம்பந்தி வீட்டார் நல்ல மனசுக்காரர்கள். "ஒண்ணுவிட்ட மாமன் யாரையாச்சும் நிறுத்துங்கத்தா" என்று சொல்லிப் பார்த்தார்கள். கூடப்பிறந்தவன் இருக்கும்போது இன்னொருவரை நிறுத்தினால், இவன் செத்துப்போனான் என்றுதான் எங்கள் சனம் எடுத்துக்கொள்ளும். என்னால் அது ஆகாது. அண்ணன் டவர் கிடைக்கும் பாறையில் ஏறி நின்று தினமும் போன் போட்டு, "வாரேன் தாயி, எப்பிடியும் வாரேன்" என்கிறார். அந்தக் காலோடு கயிற்றைப் பிடித்து இறங்கிவிடுவாரோ என்று நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.

6. எல்லையை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா காட்டிய திசை காட்டியபடியே இருக்கட்டும். எனக்கு என் அண்ணனைப் பார்க்க வேண்டும் ஐயா, என் வீட்டு வாசலில், நடுவில் கம்பி இல்லாமல். ஆவணி 18 அன்று அவரை இறங்கவிட்டு, கல்யாணம் முடிந்ததும் திரும்ப ஏறவிட உத்தரவு போடுங்கள்.

7. அதற்கும் விதியில் இடமில்லை என்றால், கல்யாணத்துக்குப் பேசி வைத்திருக்கும் பசுமலை மண்டபத்தை விட்டுவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தல் போட்டுக்கொள்ளவாவது அனுமதி கொடுங்கள். மாப்பிள்ளை முத்துக்குமரன், "அங்கயே வச்சுக்கலாம்த்தை" என்று சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு கல்யாண மாலையை வாங்கிப் போய்க் கம்பி இடுக்கில் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை, பூவெல்லாம் நசுங்கிவிட்டது. ஆகவே அன்றைக்கு அண்ணன் அந்தப் பக்கமிருந்து கையை உயர்த்தி, கேட்டுக்கு மேலாகத்தான் என் மகள் கழுத்தில் மாலையைப் போட வேண்டும். அந்த நேரம் எந்த மாவட்டத்துக்காரரும் அவர் கையைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பா. அன்னக்கொடி

இடம்: மதுரை
நாள்: 04.08.2025