தரையில் ஒரு சொட்டும் இல்லை

அண்ணா,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது. நீ காரை எடுக்காதே. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர டாக்சிக்குச் சொல்லியிருக்கிறேன், மத்தியானம் வாசலுக்கு வரும்.

காலையில் சாவி போட்டுப் பார்த்தேன். மற்ற விளக்கெல்லாம் எரிந்தன, இஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு மட்டும் எரியவில்லை. அம்மா கண்ணில் படக்கூடாதென்று பல்பையே கழற்றிவிட்டாயா?

"தரையில ஒரு சொட்டு இல்ல, எங்கடி ஒழுகுது? பள்ளிக்கூடத்தையே முடிக்கல, இஞ்சினுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டா!" என்று முந்தாநாள் உன் நண்பர்கள் முன்னால் சிரித்தாய். அன்று நான் கோடு வரை ஊற்றிய கூலன்ட், இஞ்சினைக் குளிர வைக்கும் அந்தத் தண்ணீர், இப்போது பாதிகூட இல்லை. ஆயில் மூடிக்குள் பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறது. கடைக்கு எதிரே இருக்கும் மெக்கானிக்கிடம் நேற்று எப்படியோ கேட்டுவிட்டேன். "வெளிய ஒழுகுனா பொழைச்சோம்மா. தண்ணி கொறைஞ்சும் ஒழுகலன்னா இஞ்சினே உள்ள குடிக்குது. மலைப்பாதையில ஏத்திடாதீங்க" என்றார்.

கோபம் வந்தால் ராத்திரி என்னோடு பேசாதே, பரவாயில்லை.

பி.கு. சாவி ஆணியில்தான் இருக்கிறது. ஒளித்தால் வயரைப் பிடுங்கியாவது வண்டியை எடுப்பாய். மீறி எடுத்தால் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டு. வீட்டுக்கு ஏறும் மலை மேட்டில் அது திடீரென்று கீழே இறங்கினால், இஞ்சின் குளிர்ந்துவிட்டதென்று நினைக்காதே. சூட்டைச் சொல்ல உள்ளே தண்ணீரே இல்லை என்று அர்த்தம். உடனே நிறுத்து. தண்ணீர் ஊற்றும் மூடியைத் தொடாதே, கொதி ஆவி முகத்தில் அடிக்கும். அம்மாவுக்குத் தையல் இன்னும் பிரிக்கவில்லை, வண்டி தீப்பிடித்தால் அவளால் ஓட முடியாது. அவளை முதலில் இறக்கு.